சீர்த்தட்டில் வந்த புல்வெளி

தீட்டு வயர் வழியாகப் போகுமா போகாதா என்ற கேள்வி எங்கள் வீட்டில் எழுந்தபோது, நான் ஆறாம் வகுப்பு முழுப்பரீட்சை எழுதி முடித்துவிட்டு, நியாயமாகக் கோடை விடுமுறையை அனுபவித்துக்கொண்டிருக்க வேண்டியவள். ஆனால் பரீட்சை முடிந்த கையோடு, நான் பெரியவளாகிவிட்டேன் என்று சொல்லி, செஞ்சியில் எங்கள் வீட்டுக் கூடத்தின் மூலையில் பச்சை ஓலையால் ஒரு குடிசை கட்டி அதற்குள் என்னை உட்கார வைத்துவிட்டார்கள். தெருப் பிள்ளைகள் எல்லாம் கோட்டைப் பக்கம் பாறைகளில் சறுக்கிக்கொண்டிருக்க, எனக்கு மட்டும் தனித் தட்டு, தனி டம்ளர், தனிப் பாய். காலையில் பச்சை முட்டை. அது போதாதென்று உளுந்தங்களி, அதன் நடுவில் குழி பறித்து நல்லெண்ணெய். இப்படி ஒரு தண்டனை வாங்குகிற அளவுக்கு நான் என்ன செய்துவிட்டேன் என்று யாரும் சொல்லவில்லை. கேட்டால் எல்லோரும் சிரித்தார்கள்.

குடிசையைக் கட்டியவர் சின்ன மாமா. அம்மாவுக்கு ஒரு அண்ணன், ஒரு தம்பி. தம்பியான சின்ன மாமா பனமலையில் ஏரிக்குக் கீழே பயிர் வைத்துக்கொண்டு, நாலைந்து மாடும் வளர்த்துக்கொண்டிருந்தார். அண்ணனான பெரிய மாமா சென்னைப் பக்கம் ஒரு கார் கம்பெனியில் சூப்பர்வைசர். பெண்ணுக்கு ஓலை கட்டுவது தாய்மாமன் உரிமை, அதிலும் மூத்தவருக்குத்தான் முதல் உரிமை. ஆனால் பெரிய மாமாவுக்கு லீவு கிடைக்கவில்லை. சின்ன மாமா யாரிடமும் லீவு கேட்க வேண்டியிருக்கவில்லை. வண்டியின் பின்னால் ஓலையைக் கட்டி, பனமலையிலிருந்து இழுத்துக்கொண்டே வந்து, அன்று சாயங்காலத்துக்குள் கட்டி முடித்துவிட்டார்.

இந்த இரண்டு மாமாக்களும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்வதில்லை. நிலத்தில் போர்வெல் போடும்போது யார் பங்கில் போடுவது என்று ஆரம்பித்த பேச்சு எங்கெங்கோ போய், கடைசியில் போரில் தண்ணீர் வந்துவிட்டது, பேச்சு நின்றுவிட்டது. அதற்கப்புறம் ஒருவர் வருகிற விசேஷத்துக்கு இன்னொருவர் வரமாட்டார். பொங்கலுக்கு ஒருவர், தீபாவளிக்கு ஒருவர் என்று அம்மாவின் பிறந்த வீடு அவளைப் பாதிப் பாதியாக வந்து பார்த்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தது. என் சடங்குக்கு மட்டும் இரண்டு பேரும் வந்தே ஆக வேண்டும். எனக்குக் களி கிண்டும்போதெல்லாம் அம்மா அதையேதான் நைனாவிடம், அதாவது அப்பாவிடம், சொல்லிக்கொண்டிருந்தாள்.

“ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்து ஒரு வாய் சாப்ட்டாங்கன்னா போதும். எனக்கு வேற இன்னா வேணும்?”

“மொதல்ல சமையல்காரன் வர்றானான்னு பாரு” என்பார் நைனா.

நான் குடிசைக்குள் உட்கார்ந்து ஓலைக் கீற்றைக் கிழித்துக்கொண்டிருப்பதைப் பார்த்த சின்ன மாமா, மறுநாள் பஸ் ஸ்டாண்ட் பக்கத்துக் கடையில் ஒரு டிவி கேம் வாங்கி வந்துவிட்டார். ஒரு பிளாஸ்டிக் பெட்டி, அதன் தலையில் கேசட் சொருக ஒரு பள்ளம், நீள வயரோடு இரண்டு ஜாய்ஸ்டிக். ஒன்று சிவப்பு, ஒன்று கறுப்பு. கேசட்டின் மேல் ஆயிரக்கணக்கில் விளையாட்டு இருப்பதாகப் போட்டிருந்தது. உள்ளே இருந்தது என்னவோ ஏழெட்டுதான். கல்யாண வீட்டில் அதே ஆள் சட்டையை மாற்றிக்கொண்டு அடுத்த பந்திக்கு வருவதைப் போல, அதே விளையாட்டு வேறு பெயரில், வேறு நிறத்தில் மறுபடி மறுபடி வந்தது.

அதில் எனக்குப் பிடித்தது டாங்கி ஆட்டம். திரையின் அடியில் செங்கல் அடுக்கிய ஒரு சின்னக் கோட்டை. அதைக் காப்பாற்ற இரண்டு டாங்கிகள், இரண்டும் ஒரே கட்சி. எதிரி டாங்கிகள் மேலேயிருந்து புறப்பட்டு எல்லாப் பக்கமும் வரும். கோட்டை விழுந்தால் ஆட்டம் முடிந்தது. டாங்கி என்றால் பெரிதாக ஒன்றும் கற்பனை செய்ய வேண்டாம். ஒரு சதுரம், சதுரத்துக்கு ஒரு மூக்கு. அந்த மூக்கிலிருந்து ஒரு புள்ளி கிளம்பிப் போய் ‘டொப்’ என்று வெடிக்கும். அவ்வளவுதான்.

கூடத்திலிருந்த பழைய குண்டு டிவியைக் குடிசையைப் பார்த்துத் திருப்பி வைத்தார்கள். சட்டதிட்டங்களைப் பார்த்துக்கொள்ள மண்டகப்பட்டிலிருந்து அத்தை வந்திருந்தாள். நைனாவின் அக்கா. என் தட்டு, டம்ளர், பாய் வரிசையில் சிவப்பு ஜாய்ஸ்டிக்கையும் சேர்த்துவிட்டாள். அதை என்னைத் தவிர யாரும் தொடக் கூடாது. கறுப்பு, வெளியே இருப்பவர்களுக்கு. எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. என்னைப் பார்க்க வந்த பக்கத்து வீட்டு அக்கா சும்மா இருக்காமல் கேட்டுவிட்டார்.

“ரெண்டு வயரும் ஒரே பொட்டியிலதான போய் சேருது? அதுல கரண்டே போவுது, தீட்டு போவாதா?”

அத்தை திகைத்துப்போனாள். அப்படியானால் பெட்டியும் தீட்டு. பெட்டி தீட்டென்றால் டிவி தீட்டு. டிவியிலிருந்து பிளக், பிளக்கிலிருந்து மீட்டர்.

“மீட்டரோட நிக்குமா? டிரான்ஸ்பார்மர் வரைக்கும் போவும். தெரு பூரா தலை முழுவ வேண்டியதுதான்” என்றார் நைனா. அத்தை அவரை முறைத்தாள்.

அன்று மத்தியானம் எனக்குத் துணைக்கு ஆள் இல்லாமல், அத்தையே கறுப்பு ஜாய்ஸ்டிக்கை எடுத்துக்கொண்டு குடிசைக்கு வெளியே கால் நீட்டி உட்கார்ந்தாள். முதலில் அவளுடைய டாங்கி சுவரில் முட்டிக்கொண்டே நின்றது. அப்புறம் ஒன்றைச் சுட்டாள். அப்புறம் இன்னொன்றை. சாயங்காலம் தீர்ப்பு வந்தது.

“தீட்டு பொட்டி வரைக்கும்தான் வரும். பொட்டியில நின்னுடும்.”

தீர்ப்புச் சொல்லும்போதும் அத்தையின் கண் டிவியிலேயேதான் இருந்தது.

அதற்கப்புறம் அந்தக் குடிசை எனக்குச் சிறையாகத் தெரியவில்லை. புட்டும் முறுக்கும் எடுத்துக்கொண்டு என்னைப் பார்க்க வந்த பெண்கள் எல்லாம் ஒரு ஆட்டம் ஆடிவிட்டுத்தான் போனார்கள். அத்தையும் நானும் மட்டும் ஆடினால் கோட்டை லேசில் விழாது.

பெரிய மாமா போன் செய்தபோது இந்தப் பெருமையைத்தான் முதலில் சொன்னேன்.

“யாரு வாங்கியாந்தது அத?” என்றார். சொன்னேன். “அதெல்லாம் ஒரு கேமா கண்ணு? மாமா வாங்கியாறேன் பாரு ஒரு கேம் மிஷினு. இப்ப வந்துருக்கிறதுலயே பவர் ஜாஸ்தி அதுக்குத்தான். அதுல புல்லு வரும் பாரு, ஒவ்வொரு புல்லும் தனித்தனியா ஆடும்.”

ஒவ்வொரு புல்லும் தனித்தனியாக! அன்றிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை. களி விழுங்கும்போதும் புல், கண்ணை மூடினாலும் புல். டாங்கி ஆட்டம் அழுக்காகத் தெரிய ஆரம்பித்தது. பிள்ளைகளுக்கே உரிய நல்ல மனதோடு அதை அப்படியே சின்ன மாமாவிடமும் சொன்னேன்.

“ஆடட்டும், ஆடட்டும்” என்று சிரித்தார் அவர். “புல்லு ஆடுறதப் பாத்து நீ இன்னா செய்யப் போற? மேயப் போறியா?”

வந்தால் ஒரு ஆட்டமாவது ஆடிவிட்டுப் போகிறவர், அன்றைக்கு மாட்டுக்குத் தவிடு வாங்க வேண்டும் என்று உடனே கிளம்பிவிட்டார்.

சடங்கு நாள் வந்தது. விடிந்ததும் என்னை வெளியே கொண்டுவந்து மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். ஓலையையும் பாயையும் கொளுத்தினார்கள். தட்டும் டம்ளரும் புளி போட்டுத் துலக்கப் போயின. மிச்சமிருந்தது சிவப்பு ஜாய்ஸ்டிக். அதைக் கொளுத்த முடியாது, புதுசு. அப்படியே விடவும் முடியாது, தீட்டு. அத்தை யோசிக்கவே இல்லை. எனக்கு ஊற்றிய மஞ்சள் தண்ணீர் கொஞ்சம் குண்டானில் மீதி இருந்தது. அதில் ஜாய்ஸ்டிக்கை முழுதாக முக்கி எடுத்தாள். “ஐயோ, அக்கா!” என்று நைனா ஓடி வருவதற்குள் இன்னொரு முக்கும் ஆகிவிட்டது. பிறகு அதை என் பாவாடைக்குப் பக்கத்தில் கொடியில் போட்டுக் காய வைத்தாள். வயரைப் பிடித்துக்கொண்டு தொங்கியபடி, அது மஞ்சளாகச் சொட்டிக்கொண்டிருந்தது.

சீர் எடுத்து வருவது தாய்மாமன் வேலை. இரண்டு தாய்மாமன்களும் தனித்தனியாக எடுத்து வந்தார்கள். பெரிய மாமா பஸ் ஸ்டாண்ட் பக்கமிருந்து பேண்டு செட்டோடு. சின்ன மாமா தெருவின் அந்தக் கோடியிலிருந்து பம்பை உடுக்கையோடு. இரண்டும் எங்கள் வீட்டு வாசலில் வந்து முட்டிக்கொண்டபோது எழுந்த சத்தத்தில் பக்கத்து வீட்டு மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிவிட்டது. வீடியோக்காரர் எந்தப் பக்கம் கேமராவைத் திருப்புவது என்று தெரியாமல் நடுவில் நின்று சுற்றினார்.

பெரிய மாமா வரிசையின் முன்னால் மாமி வந்தாள். அவள் தலையில் இருந்த பித்தளைத் தட்டில் அந்த மிஷின். அட்டைப் பெட்டியோடு, நாலு பக்கமும் சந்தனம் வைத்து, மாலை போட்டு. பெட்டியில் அச்சடித்திருந்த வீரன் கையில் துப்பாக்கியோடு முறைத்துக்கொண்டிருந்தான், அவன் நெற்றியில் பெரிதாகக் குங்குமம். அத்தை ஆரத்தி எடுத்து, பெட்டிக்கும் சேர்த்துச் சுற்றி, திருஷ்டி கழித்தாள். என் வயதுப் பெண்கள் எல்லாம் என் பட்டுப் புடவையைப் பார்க்கவில்லை, பெட்டியைத்தான் பார்த்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

இரண்டு மாமாக்களும் ஆளுக்கொரு பக்கம் நின்று எனக்கு மாலை போட்டார்கள். ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. போட்டோவுக்கு நிற்கும்போதும் இரண்டு பேர் கண்ணும் நேராகக் கேமராவில். பந்தி ஆரம்பித்ததும் அம்மா அவசரமாக இரண்டு இலைகளைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டு வைத்தாள். பெரிய மாமா வந்து ஒன்றில் உட்கார்ந்தார். சின்ன மாமா அதைப் பார்த்துவிட்டு, “எனக்குப் பசிக்கலக்கா, அப்புறம் பாத்துக்கலாம்” என்று வெளியே போய்விட்டார். அந்த இன்னொரு இலையில் யாரோ தூரத்துச் சொந்தம் வந்து உட்கார்ந்தது. அம்மாவின் முகம் வாடிப்போனது. அது எனக்கும் தெரிந்தது. ஆனால் என் மனசெல்லாம் பெட்டியில் இருந்தது.

சாப்பாடு முடிந்து, பெரிய மாமா எல்லோர் முன்னாலும் பெட்டியைப் பிரித்தார். உள்ளே கறுப்பாக, பளபளவென்று, அம்மியைப் போன்ற கனத்தில் அந்த மிஷின். அதன் வயரை எங்கள் டிவியில் சொருகப் போனால், சொருக இடம் இல்லை. டிவியைத் திருப்பினார்கள், சாய்த்தார்கள், டார்ச் அடித்துப் பார்த்தார்கள். சிவப்பு, மஞ்சள், வெள்ளை என்று மூன்று வட்ட ஓட்டைகள் இருந்தன. இந்த வயரின் முனையோ தட்டையாக இருந்தது. பெரிய மாமாவுக்கு வேர்த்துக் கொட்டியது.

“இவ்ளோ பவருன்னு சொன்னாங்க, ஓட்டை இல்லாம இன்னா பண்ணும்?” என்றாள் அத்தை.

காப்பாற்றியது வீடியோக்காரர்தான். மணையில் நான் உட்கார்ந்திருப்பதைப் பின்னால் இருப்பவர்களும் பார்ப்பதற்காக, பந்தலில் ஒரு பெரிய தட்டை டிவியை ஸ்டாண்டு போட்டு வைத்திருந்தார். வயர் அதில் கச்சிதமாகப் பொருந்திக்கொண்டது. கூட்டமெல்லாம் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தது. பெரிய மாமா டிஸ்கைப் போட்டார். திரையில் ஒரு கோடு வந்து, மெல்ல, மிக மெல்ல, நீண்டுகொண்டே போனது. அது முழுதாக நிறைந்தால்தான் விளையாட்டு வருமாம். பாயசம் ஒரு சுற்று வந்துபோனது. கோடு பாதிகூடத் தாண்டவில்லை.

“இன்னாடா இது, அடுப்புல எண்ணெய் வச்சிட்டுக் காயிற வரைக்கும் உக்காந்திருக்கிற மாதிரி இருக்குது” என்றாள் அத்தை.

கடைசியில் வந்தது. திரை முழுக்க ஒரு மலைச் சரிவு, சாய்ந்த வெயில், காற்று. அந்தச் சரிவெல்லாம் புல். பெரிய மாமா பொய் சொல்லவில்லை. ஒவ்வொரு புல்லும் தனித்தனியாகத்தான் ஆடியது. ஒன்று வளைந்து நிமிர்வதற்குள் அடுத்தது வளைந்தது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பனமலையிலிருந்து வந்த பெரியவர்கள் ஒவ்வொருவராக நாற்காலியை முன்னால் நகர்த்தினார்கள்.

“இது இன்னா புல்லு? கோரையா?”

“கோரை எங்க இப்படி இருக்கும்? நல்லா பாரு, மாடு ஆசையா திங்கிற புல்லு இது.”

“எந்த ஊருன்னு தெரியல. தண்ணி வசதி நல்லா இருக்குது.”

பந்தல் கால் ஓரமாக நின்றிருந்த சின்ன மாமாவுக்கும் தாங்கவில்லை. “அடியோட அறுத்தாலும் மறுபடி தழையிற சாதி அது” என்று யாரையும் பார்க்காமல் சொன்னார். பெரிய மாமாவின் முகத்தில் லேசாக ஒரு பெருமை வந்தது. ஆனால் திரும்பிப் பார்க்கவில்லை.

இப்போது நான் வீடியோ கேம் செய்கிற கம்பெனி ஒன்றில் இருக்கிறேன். அங்கே என்னோடு வேலை செய்கிறவர்கள், புது மிஷின் ஒன்று வருகிறதென்றால் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறார்கள். பவர் இருந்தால்தான் விளையாட்டு என்று ஒரு கட்சி, பவருக்கும் விளையாட்டுக்கும் சம்பந்தமே இல்லை என்று ஒரு கட்சி. சம்பந்தமே இல்லை என்பவர்களோடு நான் சேர மாட்டேன். மூக்கு வைத்த சதுரத்தைக் காட்டி, பனமலை விவசாயிகளை மாட்டுத் தீவனம் பற்றிப் பேச வைத்திருக்க முடியாது. அந்தப் புல்லுக்கு என் ஓட்டு என்றைக்கும் உண்டு.

ஆனால் பார்த்து முடித்ததும் ஆட வேண்டுமே. அங்கேதான் சிக்கல் வந்தது. “இரு கண்ணு, மாமா ஆடிக் காட்டிட்டுத் தரேன்” என்று பெரிய மாமா ஆரம்பித்தார். அந்த வீரன் புல்லுக்குள் நடந்தான், நடந்தான், நேராக ஆற்றில் போய் விழுந்தான். மறுபடி நடந்தான், மறுபடி ஆறு. நடுநடுவே யாரோ இங்கிலீஷில் நீளமாகப் பேசினார்கள். கூட்டம் கொட்டாவி விட ஆரம்பித்தது.

“ரெண்டாவது ஆளு எதுல ஆடுறது?” என்று கேட்டாள் அத்தை.

“இதுக்கு ஒண்ணுதான் குடுப்பாங்க. இன்னொண்ணு வேணும்னா தனியா வாங்கணும்” என்றார் பெரிய மாமா, ஆற்றிலிருந்து எழுந்துகொண்டே.

“அவ்ளோ பெரிய பொட்டி, ஒரு ஆளுக்குத்தானா?”

அத்தை விறுவிறுவென்று உள்ளே போய் டிவி கேமைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். கொடியில் காய்ந்த சிவப்பு ஜாய்ஸ்டிக்கும் வந்தது. வீடியோக்காரர் டிவியில் அந்த மூன்று வட்ட ஓட்டைகளும் இருந்தன. எனக்கு அழுகை வந்துவிட்டது. நான் இன்னும் புல்லைத் தொடக்கூட இல்லை. ஆனால் ‘டொப் டொப்’ என்ற சத்தம் கேட்டதும் கூட்டம் நிமிர்ந்து உட்கார்ந்தது. ஆற்றில் விழுந்து விழுந்து நொந்துபோயிருந்த பெரிய மாமா, “குடு, பச்சப் புள்ளைங்க ஆட்டம், இத ஜெயிக்க முடியாதா?” என்று கறுப்பை வாங்கிக்கொண்டார். அத்தை சிவப்பை எடுத்தாள். கொஞ்ச நேரத்திலேயே கத்தினாள்.

“இது எடது பக்கம் திரும்ப மாட்டேங்குது!”

“தீட்டு போயிருச்சு, கூடவே எடது பக்கமும் போயிருச்சு” என்றார் நைனா.

மஞ்சள் தண்ணீர் தன் வேலையைக் காட்டியிருந்தது. மேலே போகும், கீழே வரும், வலது பக்கம் போகும். இடது பொத்தான் மட்டும் எவ்வளவு அமுக்கினாலும் வேலை செய்யவில்லை. வலதுகைச் சுவரோரம் போய்ச் சேர்ந்துவிட்டால், அந்த டாங்கி அங்கேயே ஏறி இறங்கிக்கொண்டிருக்க வேண்டியதுதான். அதே நேரம் யாரோ தாம்பூலப் பை எங்கே என்று கேட்க, அத்தை எழுந்து, பக்கத்தில் நின்றவர் கையில் சிவப்பைத் திணித்துவிட்டுப் போனாள். பக்கத்தில் நின்றவர் சின்ன மாமா. அவள் தெரிந்து செய்தாளா, கை போன போக்கில் கொடுத்தாளா என்ற உண்மையை இன்றுவரை அவளிடமிருந்து வாங்க முடியவில்லை.

அத்தனை பேர் பார்க்கும்போது ஜாய்ஸ்டிக்கை வைத்துவிட்டுப் போனால் ஓடினதாக ஆகிவிடும் என்று நினைத்தாரோ என்னவோ, சின்ன மாமா உட்கார்ந்தார். இரண்டு மாமாக்களுக்கும் நடுவில், மாலையும் கழுத்துமாக, மணையில் நான்.

வாய் திறக்காமலே ஆடினார்கள். இடது பக்கமாக வந்த எதிரி சாவகாசமாகக் கோட்டையை உடைத்துவிட்டுப் போனான். கூட்டம் சிரித்தது. அடுத்த ஆட்டத்தில் சின்ன மாமா டிவியைப் பார்த்தபடியே சொன்னார்.

“கண்ணு, எனக்கு எடது பக்கம் திரும்பல. அந்தப் பக்கம் பாத்துக்கச் சொல்லு.”

நான் பெரிய மாமா பக்கம் திரும்பி, “மாமா, எடது பக்கம் நீங்க பாத்துக்கணுமாம்” என்றேன்.

“சரி. கோட்டைகிட்டயே நிக்காம மேல ஏறி நிக்கச் சொல்லு.”

இந்தப் பக்கம் திரும்பி, “மாமா, மேல ஏறணுமாம்” என்றேன்.

“ஏறிட்டா கீழ யாரு பாக்குறதாம்? கேளு.”

நான் கேட்பதற்குள் கோட்டை விழுந்துவிட்டது. பேசாதவர்களுக்கு நடுவில் சேதி சொல்வது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பழக்கம்தான். ஆனால் போர் விஷயமும் பங்கு விஷயமும் சேதிக்காகக் காத்திருக்கும், டாங்கி காத்திருக்காது. நான் இப்படித் திரும்பி அப்படித் திரும்பி, மாலை கழுத்தை அறுத்து, நாக்கு வறண்டு, கோட்டை மேல் கோட்டையாக விழுந்துகொண்டிருந்தது. கடைசியில் எனக்குக் கோபம் வந்துவிட்டது.

“நீங்களே சொல்லிக்குங்க மாமா, எனக்கு வாய் வலிக்குது!”

எல்லோரும் சிரித்தார்கள், அவர்கள் இரண்டு பேரைத் தவிர. அடுத்த ஆட்டம் ஆரம்பித்தது. சின்ன மாமாவின் டாங்கி வலது சுவரோரம் மாட்டிக்கொண்டது. இடது ஓரமாக ஒருவன் இறங்கி, கோட்டையின் முதல் செங்கலை உடைத்தான். பெரிய மாமா மேலே எங்கேயோ இருந்தார். சின்ன மாமா என்னைப் பார்த்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். இரண்டாவது செங்கலும் போனது.

“அண்ணா! எடது பக்கம்! கோட்டைகிட்ட வந்துட்டான்!”

“பாத்துட்டன்டா! நீ மேல இருக்கிறவன அடி!”

அவ்வளவுதான். அதற்கப்புறம் நிற்கவே இல்லை. “டேய், பின்னாடி!” “நீ போண்ணா, நான் பாத்துக்கறேன்!” “அவன விடாத, விடாத!” என்று பந்தலே அதிர்ந்தது. நடுவில் பெரிய மாமா சுட்ட குண்டு சின்ன மாமாவின் டாங்கி மேல் பட்டு, அது அசையாமல் நின்றுவிட்டது.

“என்னை ஏன்ணா சுடுற?”

“தெரியாமப் பட்டுடுச்சுடா.”

“உனக்கு எப்பவும் தெரியாமத்தான் படும்.”

இரண்டு டாங்கியும் அப்படியே நின்றன. பிறகு பெரிய மாமாதான் முதலில் சிரித்தார். சின்ன மாமா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் கோட்டை விழுந்தது. விழுந்ததைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை.

சத்தம் கேட்டு அம்மா கையில் கரண்டியோடு வெளியே வந்தாள். கரண்டியிலிருந்து குழம்பு புதுப் புடவையில் சொட்டியது. அதைத் துடைக்காமல் அப்படியே நின்று பார்த்தாள். நான் அவளிடம் முறையிட்டேன்.

“அம்மா, இவங்கள எந்திரிக்கச் சொல்லும்மா. என் சடங்கு, என் மிஷினு. நான் புல்லு பாக்கணும்.”

“இருடி கண்ணு. புல்லு எங்கயும் ஓடாது.”

வீடியோக்காரர் டிவியைக் கழற்ற வேண்டும் என்று வந்து நின்றார். அம்மா அவருக்கு இன்னொரு டம்ளர் பாயசம் கொடுத்து உட்கார வைத்தாள். பிறகு உள்ளே போய் ஒரு தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டு வந்து, என்னை மணையிலிருந்து நகரச் சொல்லிவிட்டு, இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்தாள். இந்தப் பக்கம் ஒரு உருண்டை, அந்தப் பக்கம் ஒரு உருண்டை. மாமாக்கள் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமலே வாயைத் திறந்து வாங்கிக்கொண்டார்கள். முன்பே சாப்பிட்டுவிட்ட பெரிய மாமாவும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அம்மா அவ்வளவு சந்தோஷமாக இருந்து அதற்கு முன் நான் பார்த்ததில்லை. எனக்கோ எரிச்சலாக இருந்தது. சடங்கு எனக்கா, இவர்களுக்கா?

வெயில் இறங்கி, கோட்டை மலையின் நிழல் தெருவுக்கு வந்துவிட்டது. கடைசி ஆட்டமும் முடிந்தது. சின்ன மாமா சிவப்பைக் கீழே வைத்துவிட்டு, “பால் கறக்கணும், கிளம்பறேன்” என்று எழுந்தார். பெரிய மாமாவும் கறுப்பை வைத்துவிட்டு, நாற்காலிக்கு அடியில் காலால் செருப்பைத் தேடினார். என் முறை வந்துவிட்டது என்று நான் துள்ளி எழுந்தேன்.

அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். “மறுபடி வரணும்னா எதுடி அமுக்கணும்?” என்று காதோரமாகக் கேட்டாள்.

காட்டினேன். சோற்றுப் பருக்கை ஒட்டிய விரலால், கறுப்பு ஜாய்ஸ்டிக்கின் பொத்தானை அழுத்தமாக அமுக்கினாள். ஆட்டத்தின் பாட்டு மறுபடி ஆரம்பித்தது. உடையாத புதுக் கோட்டை திரையில் வந்து நின்றது. கிளம்பிய இரண்டு மாமாக்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

அம்மாவுக்கும் இந்தப் பைத்தியம் பிடித்துவிட்டது என்றுதான் நினைத்தேன். “இப்படிப் புடிக்கணும்மா” என்று அவள் கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுக்கப் போனேன். அவள் அதைப் பிடிக்கவே இல்லை. கறுப்பை எடுத்து அண்ணன் கையில் வைத்தாள், சிவப்பை எடுத்துத் தம்பி கையில் வைத்தாள், அவர்களுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். தான் ஆடப் போவதில்லை என்றால் எதற்காக அந்தப் பொத்தானை அமுக்கினாள் என்று, மாலையும் கழுத்துமாக நின்று நான் முழித்தேன்.